ஒரு ரூபாய் குறைந்ததால் திரும்பிய செக்கு

செக்குப் புத்தகம் கைக்கு வந்த வாரம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் போய் நாலைந்து வருடம் ஆகியிருந்தது. முதலியார்பேட்டையில் சொந்தமாகத் தையல் கடை வைத்திருந்தேன். ஜவுளிக்கடைக்காரருக்குத் தொண்ணூறு ரூபாய்க்கு முதல் செக்கை எழுதி, கையெழுத்தை ஊதி ஊதி உலர்த்திக் கொடுத்தேன்.

நாலாம் நாள் அவரே வந்து நின்றார்.

“உன் செக்கு திரும்பிடுச்சிம்மா. பணம் போதலயாம்.”

“கணக்குல சரியா தொண்ணூறு ரூபா இருக்குதே.”

“என்னக் கேட்டா? பேங்க்ல போயி கேளு.”

தைத்துக்கொண்டிருந்த கவுனை மிஷினிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். ரிக்‌ஷாவுக்குக்கூட நிற்கவில்லை. 

குமாஸ்தா லெட்ஜரைத் திருப்பிக் காட்டினார். சீருடை தைத்ததற்காக ஒரு ஓட்டல்காரர் கொடுத்த செக்கை என் கணக்கில் போட்டிருந்தேன். அது பணமாகாமல் திரும்பியிருக்கிறது. அதற்குக் கட்டணம் என்று என்னிடம் ஒரு ரூபாய் பிடித்துவிட்டார்கள். மீதி எண்பத்தொன்பது. அதனால் என் செக்கும் திரும்பிவிட்டது. அதற்கு இன்னொரு ரூபாய்.

“எனக்கு ஏன் சொல்லல?”

“தபால்ல போட்டுட்டோம்மா.”

“எப்போ?”

அவர் தபால் புத்தகத்தைப் புரட்டினார். “நேத்து சாயங்காலம்.”

“ரூபா புடிச்சது திங்கக்கெழம. கடுதாசி போட்டது வியாழக்கெழம. நடுவுல எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சிருந்தா அன்னிக்கே ஒரு ரூபா கட்டியிருப்பேனே.”

என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். ஏஜெண்டு எழுந்து வந்தார். அப்போது மேனேஜரை அப்படித்தான் சொல்வோம். இரண்டு புத்தகங்களையும் அருகருகே வைத்து நிதானமாகப் பார்த்தார்.

“மொத ரூபா விதிப்படி புடிச்சது, அது வராது. ரெண்டாவது எங்க தாமதம். அதத் திருப்பிப் போட்டுடறோம்.”

பர்ஸிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து அங்கேயே கட்டினேன். செக்கை மறுபடி போடலாம் என்று ஜவுளிக்கடைக்காரருக்கு ஏஜெண்டு தன் கையால் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலை ஜவுளிக்கடைக்காரரோடு நானும் பேங்குக்குப் போனேன். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் நோட்டுகளை எண்ணி மடியில் செருகிக்கொண்டு, “இனிமேயும் செக்காவே குடும்மா,” என்றார். சிரிப்பை அடக்க முடியவில்லை எனக்கு.

அந்த வேகத்திலேயே நேராக ஓட்டலுக்கு நடந்தேன். சீருடைக்கான பணத்தை நோட்டாகவே வாங்கினேன். மேற்கொண்டு ஒரு ரூபாயும் கேட்டேன். ஓட்டல்காரர் ஏன் என்று கேட்கவில்லை. கல்லாவைத் திறந்து கொடுத்துவிட்டார்.