அம்பு வளைகிற அளவு

இந்தியாவில் அகதி முகாமில் இருந்த காலத்தில், வில்வித்தை பழகும் மைதானம் ஒன்றில் புல் வெட்டினேன். பார்த்துப் பார்த்தே அம்பு விடவும் பழகினேன். சொந்த ஊரான தோட்டவெளிக்குத் திரும்பித் தகரக் கொட்டிலில் தனியாக இருந்தபோது, மூங்கிலில் ஒரு வில்லும் பன்னிரண்டு அம்புகளும் செய்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பறந்தது. எல்லா அம்பும் ஒரே அளவில் வளைந்தால்தான் ஒரே இடத்துக்குப் போகும் என்று மைதானத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பலகையில் இரண்டு ஆணி அடித்து, அவற்றின் மேல் அம்பைக் கிடத்தி, நடுவில் மீன்வலையில் கட்டும் ஈயக் குண்டைத் தொங்கவிட்டேன். அம்பு எவ்வளவு தாழ்கிறது என்று பின்னால் ஒட்டிய அடிமட்டம் காட்டியது.

பக்கத்து வளவு அக்கா வேலியால் எட்டிப் பார்த்தார்.

"தராசோ தம்பி? இந்தக் கருவாட்டை ஒருக்கா நிறுத்துத் தாங்கோவன்."

"தராசில்லை அக்கா. அம்பு வளையிறதைப் பாக்கிறது."

"ஆமிக்காரன் கண்டால் உங்களையும் வளைச்சுப் பாப்பான்," என்று சிரித்துவிட்டுப் போனார்.

நாலு நாளில் என்னோடு பேசிய ஒரே ஆளை நானே அனுப்பிவிட்டேன்.

ஐந்து அம்புகள் ஒரே அளவில் வளைந்தன. மாலையில் ஐந்தும் உமிச் சாக்கில் ஒரு கை அகலத்துக்குள் தைத்தன. சொல்ல ஆளில்லை.

மறுநாள் ஓர் அம்பை ஆணிகளில் நிலையாகக் கட்டி, நிறை அச்சிட்ட சீனிப் பைக்கட்டுகளைத் தொங்கவிட்டு, அம்பு தாழ்ந்த இடங்களில் பலகையில் நிறையைக் குறித்தேன். அதைத் தூக்கிக்கொண்டு அவர் படலைக்குப் போனேன்.

"இப்ப நிறுக்கும், அக்கா."

"கருவாடு நேற்றே வித்திட்டன். செத்தல் மிளகாய் கிடக்கு, அதை நிறுப்பமோ? வாங்கோ, இருங்கோ."

ஒரு பிடி மிளகாய்க்கு மூங்கில் அசையவே இல்லை. அவர் இன்னொரு பிடி போட்டார்.