நாற்பத்தோரு மூட்டை

எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறை தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக அதற்குள்ளிருந்து ஒரே குரல் வரும்: "மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க... இப்ப விடுங்க." அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரை நாங்கள் எக்ஸ்ரே அக்கா என்போம். நான் எதிரே மருந்து கொடுக்கும் கவுன்ட்டரில் இருப்பவள். இதில் பாதி நான் கண்ணால் பார்த்தது, மீதி அக்கா வாயால் கேட்டது.

அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஒருமுறை பெரிய டாக்டர் எந்தக் கால் என்று எழுதாமல் சீட்டு அனுப்பிவிட்டார். அக்கா அவருக்கே போன் போட்டு, "வலதா, இடதா? சொல்றீங்களா, இல்ல நோயாளியையே சீட்டுக் குலுக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். டாக்டர் ஒரு மாதம் பேசவில்லை. "அக்கா சொல்றது சரிதான், ஆனா சொல்ற விதம்தான்..." என்று இழுக்காத ஆள் இங்கே இல்லை. அதைக் கேட்டால் இன்னும் கொதிப்பார். "சரியா இருந்தா போதாதா? மெதுவா வேற இருக்கணுமா?"

அவர் கணவர் நகர நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் போடுகிறவர். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதர். இரண்டு பேரும் ஒரு பழைய அடுக்குமாடியில் மூன்றாவது தளத்தில் இருக்கிறார்கள். சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே கால்வாய். கால்வாய் என்பது மரியாதைக்குச் சொல்லும் பேர். தெர்மகோல், பாட்டில், மெத்தை, செத்த எலி எல்லாம் சேர்ந்து மிதக்கும். அந்த ஜன்னலைத் திறந்து ஐந்து வருஷம் ஆகிறது.

மாநகராட்சிக்கு அக்கா பதினோரு மனு போட்டார். பதினொன்றுக்கும் ஒரே பதில்: 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.' கடைசியாக வந்த கடிதத்தை எக்ஸ்ரே படம் மாட்டிப் பார்க்கும் விளக்குப் பெட்டியில் மாட்டி, சுவிட்சைப் போட்டு, என்னைக் கூப்பிட்டார்.

"நல்லாப் பாரு. எங்கயாவது முதுகெலும்பு தெரியுதா?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. 

அந்தச் சமயத்தில்தான் அவர்கள் வீட்டு லிஃப்ட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குக் கால்வாய்க்கரையைச் சுத்தம் செய்ய ஆட்கள் வேண்டும், விருப்பமுள்ளவர்கள் வரலாம். அக்கா போனார். திங்கட்கிழமை வேலைக்கு வந்தபோது முகமே வேறு மாதிரி இருந்தது.

"நாப்பது பேருடி! ஒரு ஆளு சேத்துல முட்டி வரைக்கும் இறங்கி, ஒவ்வொரு பாட்டிலையும் எடுக்கும்போது ஒரு கெட்ட வார்த்தை சொல்றாரு. எனக்குக் கட்டிப்பிடிச்சு அழலாம் போல இருந்துச்சு."

அந்த ஆள் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். பெரிய உருவம், அதைவிடப் பெரிய தொண்டை. நாளெல்லாம் "கிளட்ச், கிளட்ச்" என்று கத்துவதால் ஊரே அவரை கிளட்ச் என்றுதான் கூப்பிடும். அவர் வீட்டுச் சுவரும் கால்வாயை ஒட்டித்தான். அவரும் ஒன்பது மனு போட்டவர். இரண்டு பேரும் அன்றைக்கே தங்கள் பதில் கடிதங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எழுத்துப் பிழைகூட ஒன்றாக இருந்ததாம்.

சுத்தம் செய்து முடித்ததும் எல்லோரும் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போவார்கள். அங்கே ஞாயிறுதோறும் சந்தை. விளைவித்தவர்களே நேரில் வந்து விற்பார்கள். முதல் நாளே அக்கா அங்கே ஒரு சண்டை போட்டார். கீரை விற்ற அம்மாவிடம், கட்டைக் கையில் எடுத்து, "இது எந்தத் தண்ணியில விளைஞ்சது?" என்று அதட்டலாகக் கேட்டிருக்கிறார்.

கீரைக்காரம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கிணத்துத் தண்ணி. ஆனா மழை பேஞ்சா உங்க கால்வாய் எங்க வயலுக்கு விருந்தாளியா வரும். போன மழைக்கு உங்க ஊர்ப் பொம்பளைங்க செருப்பு மட்டும் பதினாறு பொறுக்கினேன். ஒண்ணுக்காவது ஜோடி இல்ல. உங்க ஊர்ல எல்லாருக்கும் ஒத்தக் காலா?"

அக்காவை அப்படி யாரும் கேட்டதில்லை. கீரையை வாங்கிக்கொண்டு அங்கேயே கீழே உட்கார்ந்துவிட்டார். கிளட்சும் வந்து உட்கார்ந்தார். கால்வாய் ஊரைத் தாண்டி எங்கே போகிறது, எந்த வளைவில் குப்பை அடைக்கிறது, எந்த மழையில் கரை உடைந்தது எல்லாம் கீரைக்காரம்மாவுக்கு மனப்பாடம். மூன்று பேரும் சந்தை முடியும்வரை மாநகராட்சியை மாறி மாறித் திட்டித் தீர்த்தார்கள். "இத்தனை வருஷம் நான் ஒருத்திதான் பைத்தியம்னு நெனச்சிருந்தேன்" என்றார் அக்கா என்னிடம்.

இந்தச் சுத்தம் செய்யும் வேலைக்கெல்லாம் ஏற்பாட்டாளர் ஒருவர். விளம்பரக் கம்பெனி வைத்திருக்கிறவர். எல்லோரும் அவரை கேப்டன் என்பார்கள். வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வருவார். போகும்போதும் அது வெள்ளையாகவே இருக்கும். அக்கா ஆரம்பத்திலேயே அதைக் கவனித்தார். ஆனாலும், "போகட்டும், ஆளைக் கூட்டிச் சேர்க்கவும் ஒருத்தர் வேணுமில்ல" என்று விட்டுவிட்டார்.

நாலாவது மாதம் ஒரு பெரிய கம்பெனி ஆட்கள் பச்சை பனியன் போட்டுக்கொண்டு கூட்டமாக வந்தார்கள். அன்று மட்டும் நாற்பத்தோரு மூட்டை சேர்ந்தது. அக்காவுக்கு ஒரு பழக்கம். எக்ஸ்ரே படத்தில் இடது, வலது, எண், தேதி இல்லாமல் எதையும் வெளியே விடமாட்டார். அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு மூட்டையிலும் கறுப்பு மார்க்கரால் எழுதினார்: இடது கரைக்கு 'இ', வலது கரைக்கு 'வ', பிறகு எண், பிறகு தேதி. பச்சை பனியன்காரர்கள் சிரித்தார்கள். "குப்பைக்கு என்ன மேடம் அட்ரஸ்?" படம் எடுத்துக்கொண்டார்கள். லாரி வந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போயிற்று. கேப்டன் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள்.

புதன்கிழமை மத்தியானம் அக்காவுக்கு போன். கீரைக்காரம்மா.

"அக்கா, உங்க கையெழுத்து எங்க வாய்க்கால்ல கெடக்கு."

"என்ன?"

"இ பதினேழு, இ இருபது, வ மூணு. ஞாயித்துக்கிழமை தேதி போட்டிருக்கு. இன்னும் நெறைய இருக்கு. வந்து பாருங்க."

அக்கா எக்ஸ்ரே அறையிலிருந்து வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. கூட வேலை செய்யும் பையனிடம் அறையை ஒப்படைத்துவிட்டுப் போனார். கிளட்ச் டிரைவிங் ஸ்கூல் காரையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பாதி வகுப்பில் இருந்த ஒரு மாணவி பின் சீட்டில் இறங்க மறுத்து உட்கார்ந்திருந்தாளாம், "நானும் வர்றேன் சார்" என்று.

வயலின் மேல்முனையில், கால்வாய் வளையும் இடத்தில், மூட்டைகள் கரையிலிருந்து உருட்டிவிடப்பட்டுக் கிடந்தன. ஏழு மூட்டை கிழிந்து முள்ளங்கிப் பாத்தி முழுக்கக் குப்பை. தண்ணீர் தேங்கி இரண்டு பாத்தி அழுகிவிட்டது. அக்கா தன் கையால் எழுதிய எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். அத்தனை பேர் குனிந்து குனிந்து பொறுக்கியது. அதை அள்ளிக்கொண்டு வந்து இன்னொருத்தி வயலில் கொட்டியிருக்கிறார்கள்.

"என்னை மன்னிச்சிடும்மா" என்றார் அக்கா.

கீரைக்காரம்மாவுக்கு அதில்தான் ஆத்திரம் வந்தது. "நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கறீங்க? கேக்க வேண்டியவன் கேக்கட்டும். அவனைக் காட்டுங்க எனக்கு."

கேட்க வேண்டியவன் யார் என்று கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. லாரி ஓட்டியவன் கிளட்சிடம் வண்டி கற்றுக்கொண்டவன். குருவைப் பார்த்ததும் உண்மையைக் கக்கிவிட்டான். "குப்பைக் கிடங்கு ரொம்ப தூரம் சார். எங்கயாவது கண்ணுக்குத் தெரியாத இடமாப் பாத்துத் தட்டிடுன்னு கேப்டன்தான் சொன்னாரு. ரெண்டு வருஷமா அப்படித்தான்."

இரண்டு வருஷம்!

அக்கா கேப்டனுக்கு போன் போட்டார். நான் அப்போது பக்கத்தில் இருந்தேன். அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, உணர்ச்சிவசப்படாதீங்க" என்றது கேப்டன் குரல், வெண்ணெய் மாதிரி. "சின்னச் சின்னக் குறை எங்கயும் இருக்கும். நாம நல்லதை மட்டும் பேசணும். இப்படியெல்லாம் பேசினா ஆளுங்க மனசு விட்டுப்போகும்."

"ரெண்டு வருஷமா கண்ட எடத்துல கொட்டி, இப்ப ஒரு பொம்பளை வயல்லயே கொட்டினது சின்னக் குறையா?"

"உங்க கோபம் புரியுது. ஆனா சொல்ற விதம்னு ஒண்ணு இருக்குல்ல."

அக்கா போனை வைத்துவிட்டார். பத்து நிமிஷத்தில் குழுவின் போன் பட்டியலிலிருந்து அவர் பேரும் கிளட்ச் பேரும் நீக்கப்பட்டிருந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்தை மைதானத்தில் ஒரு மேடை போட்டிருந்தார்கள். அந்தப் பச்சை பனியன் கம்பெனி கேப்டனுக்குக் கேடயம் கொடுப்பதாக ஏற்பாடு. நானும் போயிருந்தேன். கீரைக்காரம்மாவின் வேன் வந்து நின்றது. அன்று அதில் ஒரு கட்டுக் கீரைகூட இல்லை. பின்கதவைத் திறந்தால் குடலைப் பிடுங்கும் நாற்றம். கிளட்ச், அந்த மாணவி, அக்கா, அக்காவின் கணவர் நாலு பேரும் மூட்டைகளை இறக்கி மேடைக்கு முன்னால் வரிசையாக வைத்தார்கள். முப்பத்துநாலு.

அக்கா மைக் கேட்கவில்லை. அவருக்குத் தேவையும் இல்லை. "இ ஒண்ணு! இ ரெண்டு! இ நாலு!" என்று படித்துக்கொண்டே போனார். "இதை நீங்கதான் பொறுக்கினீங்க, பச்சை பனியன் தம்பிங்களா. அட்ரஸ் எதுக்குன்னு கேட்டீங்களே, இதுக்குத்தான். இது போய்ச் சேர்ந்த இடம் இவங்க வயலு. மிச்சம் ஏழு மூட்டை இவங்க முள்ளங்கிமேல கிழிஞ்சு கெடக்கு, வேணும்னா போய்ப் பாருங்க."

சந்தையே நின்றுவிட்டது. தராசுகள் அப்படியே இருந்தன. கேப்டன் கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தார். அக்காவிடம் பேசத் துணிச்சல் இல்லை; அவர் கணவரின் தோளில் கை போட்டார். "சார், நீங்க படிச்சவர். வீட்டம்மாவைக் கொஞ்சம் அடக்கி வைங்க சார்."

நூலகக்காரர் அந்தக் கையை மெதுவாக எடுத்துக் கீழே விட்டார். "எங்க வீட்ல இருபத்தாறு வருஷமா அடங்கிக் கெடந்தது நான்தான் சார்" என்றார். "இனிமே நானும் அடங்கறதா இல்ல." பிறகு குரல் உடைய, அவர் வாயிலிருந்து யாரும் கேட்டிராத சத்தத்தில், "பதில் சொல்லுங்க! வயல்ல எதுக்குக் கொட்டினீங்க?" என்று கத்தினார். அக்காவே திரும்பிப் பார்த்தார்.

கேப்டன் கேடயத்தோடு காரில் ஏறிப் போய்விட்டார்.

அத்தோடு நீதி கிடைத்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். சந்தைக் கமிட்டி மறுநாள் கூடி, மைதானத்தை அசிங்கப்படுத்தியதாகச் சொல்லிக் கீரைக்காரம்மாவின் இடத்தை ரத்து செய்தது. குப்பை கொட்டியவனை விட்டுவிட்டு, யார் வயலில் கொட்டினானோ அவளைத் தண்டித்தார்கள்! அன்றைக்கு அக்காவுக்கு வந்த கோபத்தை நான் எழுதிக் காட்ட முடியாது. நோயாளி இல்லாத நேரத்தில் எக்ஸ்ரே மேஜையில் முஷ்டியால் குத்திக்கொண்டு அழுதார். "என்னாலதான் அவங்களுக்கு இந்தக் கதி. என் வாயாலதான்."

அந்தம்மாவே வந்து தேற்ற வேண்டியிருந்தது. "உங்க வாய் இல்லைன்னா இன்னும் ரெண்டு வருஷம் கொட்டியிருப்பான். எந்திரிங்கக்கா."

ஐந்து வாரம் அந்தம்மா எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் கீரை விற்றார். ஆறாவது ஞாயிறு சந்தையில் ஒரு காரியம் நடந்தது. யாரும் திட்டம் போட்டதாகத் தெரியவில்லை. தேன் விற்கிறவர் தன் பாட்டில்களைப் பிரிக்காமல் பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டார். கேட்டதற்கு, "கீரைக்காரம்மா வரட்டும், அப்புறம் கடை விரிக்கிறேன்" என்றார். கிழங்கு விற்கிற அண்ணன் தம்பி இருவரும் மூட்டையை அவிழ்க்கவில்லை. ஒன்பது மணிக்குள் முக்கால்வாசிப் பேர் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். வாங்க வந்தவர்கள் பையோடு நின்றார்கள். கமிட்டிச் செயலாளர் பதினோரு மணிக்குத் தன் பைக்கில் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து கூப்பிட்டார். கீரைக்காரம்மா இருந்த கீரையையெல்லாம் விற்று முடித்துவிட்டுத்தான் போனார்.

கேப்டன் இப்போது ஊரின் மறுகோடியில் ஒரு ஏரியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். அதே ஷூவாம். அவரைத் தண்டித்தவர் யாரும் இல்லை. அதை நினைக்கும்போதெல்லாம் அக்காவுக்கு இப்போதும் பல் நறநறவென்கிறது.

ஆனால் பழைய கூட்டத்தில் பதினெட்டுப் பேர் அக்காவோடு வந்துவிட்டார்கள். பச்சை பனியன்காரர்களில் இரண்டு பேரும் வந்தார்கள், கம்பெனி பனியன் இல்லாமல். மூட்டைக்கு எண் போடும் வேலை நூலகக்காரருடையது. லாரி கிளம்பினால் பின்னாலேயே டிரைவிங் ஸ்கூல் கார் போகும். கிடங்கில் இறக்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திரும்பும். சில நாள் அந்த மாணவியே ஓட்டிக்கொண்டு போவாள். லைசென்ஸ் வாங்கிவிட்டாள்.

மாநகராட்சி, குப்பையைத் தடுக்கக் கால்வாய் வளைவில் ஒரு கம்பி வலை போட்டுக் கொடுத்தது. மூன்றே வாரத்தில் அது நிறைந்துவிட்டது. காலி செய்ய யாருக்கும் உத்தரவு இல்லை என்று ஒரு கடிதம் வந்தது. நேற்று அக்கா அந்தக் கடிதத்தை என்னிடம் காட்டினார். கோபத்தில் காது மடல் சிவந்திருந்தது.

"என்னக்கா செய்யப் போறீங்க?"

"செவ்வாக்கிழமை மாநகராட்சி இன்ஜினியரைப் பாக்கப் போறோம். எல்லாரும்தான்" என்றார். "நீ லீவு சொல்லிட்டியா?"