கனடா வழக்கம்

அமிர்திக் காட்டோரம் புளியமரத்தடியில் எங்கள் மாட்டு வண்டி நிற்கிறது. ஆம்பூர் தோல்ஷாப்பில் தோல் பதனிடும் ஆவாரம்பட்டை தீர்ந்துவிட்டது. பட்டை போய்ச் சேராவிட்டால் தொட்டியில் ஊறும் தோல்களெல்லாம் அழுகிவிடும் என்று முதலாளி என்னை அனுப்பியிருக்கிறார். கூட வந்திருப்பவர் எங்கள் தோலை வாங்கும் பாண்டிச்சேரி ஏஜெண்டு, பிரெஞ்சு படித்தவர். வழியெல்லாம் கனடா கதைதான். அங்கே முதலில் போன பிரெஞ்சுக்காரர்கள் காட்டு ஜனங்களோடு உட்கார்ந்து புகை பிடித்து, அவர்கள் வீட்டில் பெண் கட்டி, உறவான பிறகுதான் ரோமத்தோல் வாங்கினார்களாம்.

மலை ஊர்க் கவுண்டருக்கு என் வயதுதான் இருக்கும். பட்டைக் கட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறார்.

"முறை இல்லாதவங்களுக்குப் பட்டை குடுக்கறதில்ல. இன்னா முறை வேணும்?"

"அண்ணன் தம்பியா இருப்போம்," என்கிறார் ஏஜெண்டு.

"தம்பிகிட்ட பேரம் பேச முடியுமா? சும்மாவே குடுத்துடணும். மச்சான்னா நல்லா திட்டலாம்."

"அப்ப இவர்தான் மச்சான். இன்னும் கல்யாணம் ஆகல."

நான் மாட்டைப் பார்க்கிறேன்.

"வாயும் இல்லையா இவனுக்கு?" என்கிறார் கவுண்டர்.

தொட்டித் தோல்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. பட்டைக் கட்டின்மேல் கை வைக்கிறேன். ஈரமாக இருக்கிறது.

"எடை ஏறத் தண்ணி தெளிச்சியா, மச்சான்? திருட்டுப் பையன் நீ."

அவர் முகம் மலர்ந்துவிடுகிறது. காய்ந்த கட்டுகளாகப் பொறுக்கி, தானே வண்டியில் ஏற்றுகிறார்.

கிளம்பும்போது, "அடுத்த வாட்டி உங்கம்மாவையும் கூட்டினு வா," என்கிறார். "எனக்குத் தங்கச்சி ஒருத்தி இருக்கா."

ஏஜெண்டு சிரிப்பை மறைக்கத் தலை குனிந்துகொள்கிறார். கனடாவிலும் இப்படித்தான் ஆரம்பித்திருக்கும்.