சிவப்பு அட்டைக்காரி

எங்கள் சலவைக்கூடத்தில் அவளைப் பிடித்தவர்கள் யாரும் இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆறு வருஷம் ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக நின்று வேலை பார்த்தோம். அப்போதெல்லாம் பிடித்துத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளை வெளுத்து, தேய்த்து, மடித்து அனுப்புவது எங்கள் தொழில். ஆளுயர வாஷிங் மெஷின்கள் ஐந்து. அவை நிற்கும் கூடத்தில் தரை காய்ந்து நான் பார்த்ததில்லை. மூன்றாம் மெஷினின் கதவைத் தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்று ஏதோ ஓடும். "மூணாவது இன்னைக்குக் கிள்ளுது" என்று ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டு, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு திறப்போம். அதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை.

ஒரு நாள் காப்பீட்டுக் கம்பெனி ஆள் வந்து சுற்றிப் பார்த்தார். மின்சார ஆபத்துகளைக் கண்டுபிடிக்க வேலையாட்களில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்தால்தான் பாலிசி என்று சொல்லிவிட்டார். மேனேஜர் ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருத்திக்கு முதுகுவலி வந்துவிட்டது. இன்னொருத்தியின் பிள்ளைக்குப் பரீட்சை. எனக்குப் படிப்பு ஏறாது என்று நான் கையை விரித்தேன். அவள் அன்று பல் பிடுங்கப் போயிருந்தாள். லீவில் இருந்தவள் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டோம்.

பன்னிரண்டு நாள் பயிற்சி முடிந்து, ஒரு நோட்டும் டெஸ்டரும் ஒரு கட்டுச் சிவப்பு அட்டையும் எடுத்துக்கொண்டு வந்தாள். ஒப்புக்கு நாலு இடத்தில் மாட்டிவிட்டுப் பழையபடி மேஜைக்கு வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தோம். அவளோ ஒரு வாரம் யாரிடமும் பேசாமல் ஒவ்வொரு பிளக்காக, ஒவ்வொரு வயராகக் குனிந்து பார்த்து எழுதினாள். இதை யார் தொடுகிறார்கள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, ஈரக் கையா உலர்ந்த கையா, ஷாக் அடித்தால் உதறிக்கொண்டு விலக இடம் இருக்கிறதா என்று எல்லாவற்றுக்கும் கணக்கு. அடுத்த வாரம் நாற்பத்தோரு அட்டை தொங்கியது. 'தொடாதே' என்று கொட்டை எழுத்தில்.

ஓய்வறையில் இருந்த தண்ணீர்க் கெட்டில் போயிற்று. அதன் மூன்று கால் பிளக்கில் ஒரு காலை யாரோ வெட்டி வைத்திருந்தார்களாம். பிறகு என் மேஜை விசிறியின் வயரைப் பிடுங்கிச் சுருட்டினாள்.

"ஃபேன்ல என்ன குறைன்னு தூக்கிட்டுப் போற?"

"வயரப் பாரு. மூணு எடத்துல ஒட்டு. கீழ தண்ணி."

"நாலு வருஷமா ஓடுது. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"செத்துப்போயிருந்தா இப்ப வந்து கேக்க மாட்ட" என்றாள். விசிறியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த வெயில் காலம் முழுக்க எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் வயர்மேன் அவளுடைய கொழுந்தன். அவளை இங்கே சேர்த்துவிட்டதே அவர்தான். எங்கள் எல்லாருக்கும் செல்லம். சார்ஜர் கெட்டாலும் மிக்ஸி கெட்டாலும் முகம் சுளிக்காமல் சரி பண்ணிக் கொடுப்பார். அவள் மாட்டிய அட்டை ஒவ்வொன்றும் அவர் முகத்தில் மாட்டியது மாதிரி இருந்தது.

"அண்ணி, எழுதுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்ல?"

"மூணு தடவ சொன்னேன். மூணு தடவையும் டேப்பச் சுத்திட்டுப் போயிட்டீங்க."

எங்கள் எல்லார் முன்னாலும் இப்படிச் சொன்னாள். நாங்கள் சும்மா இருக்கவில்லை. அட்டைகள் சாக்கடையில் மிதந்தன. நோட்டில் யாரோ ப்ளீச்சிங் தண்ணீரைக் கொட்டினார்கள். அவளுடைய சாப்பாட்டு டப்பாவை அழுக்குத் துணித் தள்ளுவண்டியில் ஒளித்து வைத்தது நான். இடைவேளை முழுக்கத் தேடினாள். கிடைத்ததும் திறக்காமல் ஓரமாக வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வெறும் வயிற்றோடு வேலைக்குப் போனாள். யார் என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஒரு சண்டையாவது போட்டுத் தீர்த்திருக்கலாம்.

நச்சரித்து நச்சரித்து மேனேஜரை ஒரு வழியாக இறங்கி வரவைத்தாள். கசியும் கரண்ட் தரைக்கு இறங்கிவிடும்படி ஐந்து மெஷினுக்கும் பச்சை வயரில் எர்த் கொடுத்தார்கள். மூன்றாவது கிள்ளுவதை நிறுத்தியது. கூடவே, எங்கே கரண்ட் கசிந்தாலும் தானாக விழுந்து மொத்தக் கூடத்தையும் நிறுத்துகிற பிரேக்கர் ஒன்றும் வந்தது. அங்கேதான் சனியன் பிடித்தது. அந்த பிரேக்கர் ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஆறு தடவை விழுந்தது. பாதி வெளுத்த துணி சோப்பு நுரையோடு அப்படியே நிற்கும். வாசலில் வண்டி டிரைவர் ஹாரனில் கை வைத்தால் எடுக்க மாட்டார். எங்கோ கசிகிறது, ஒவ்வொரு மெஷினாகப் பிரித்துப் பார்க்கணும் என்று அவள் கத்தினாள். பிரித்துப் பார்க்க யாருக்கு நேரம்?

பிறகு ஒரு வாரம் பிரேக்கர் விழவே இல்லை. எல்லாருக்கும் மூச்சு வந்தது. அவள் முகம் மட்டும் தெளியவில்லை.

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, வழக்கமாகச் செய்வது போல பிரேக்கரின் சோதனைப் பட்டனை அழுத்தினாள். டக்கென்று லீவர் கீழே விழுந்தது. மெஷின்கள் ஓடிக்கொண்டே இருந்தன. லீவரைத் தூக்கிவிட்டு மறுபடி அழுத்தினாள். லீவர் விழுந்தது, மெஷின்கள் நிற்கவில்லை. நேராக மெயின் சுவிட்சுக்குப் போனாள். கைப்பிடியை இழுத்துக் கீழே தள்ளி, தன் பையிலிருந்த பூட்டைப் போட்டுப் பூட்டி, சிவப்பு அட்டையை மாட்டினாள். கூடம் அடங்கிப்போயிற்று.

மேனேஜர் ஓடி வந்தார். "சாவியக் குடுங்கம்மா. ஆஸ்பத்திரி வண்டி வெளிய நிக்குது."

"பிரேக்கரத் தாண்டி யாரோ நேரா லைன் குடுத்திருக்காங்க சார். வெளியிலேர்ந்து ஒரு எலக்ட்ரீஷியன் வரட்டும். சாவிய அவர் கையில குடுக்குறேன்."

"நான் போட்ட வேலைய வெளியாளு வந்து பாக்கணுமா?" வயர்மேன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "உங்கள இங்க சேத்துவிட்டது யாரு அண்ணி?"

"நீங்கதான். அதனாலதான் முந்தாநாளே உங்ககிட்டக் கேட்டேன், ஏன் விழ மாட்டேங்குதுன்னு. பழகிருச்சுன்னு சொன்னீங்க."

நான் குறுக்கே புகுந்தேன். "இவ ஒருத்தியால இன்னைக்கு எல்லாரும் இருட்டுற வரைக்கும் நிக்கணும். என் பொண்ணு ஸ்கூல் வாசல்ல காத்துக் கெடப்பா."

"போன் பண்ணிச் சொல்லு" என்றாள், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

வண்டி டிரைவர் ஒரு இரும்புக் கம்பியோடு வந்தார், பூட்டை நெம்ப. அவள் சுவிட்ச் பெட்டிக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். "மொதல்ல என்ன நெம்பித் தள்ளுங்க." கம்பியைக் கீழே போட்டுவிட்டு அவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். நாங்களும் திட்டினோம். மூன்று மணி நேரம் அங்கேயே நின்றாள். தண்ணீர் வேண்டுமா என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

மதியத்துக்கு மேல் வெளி எலக்ட்ரீஷியன் வந்தார். போர்டைத் திறந்து, பிரேக்கரைச் சுற்றிப் போட்டிருந்த முழ நீள வயரை உருவி, மடித்து வைத்திருந்த வெள்ளை விரிப்பின் மேல் வைத்தார். மெஷின்களை ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்தார். மூன்றாவதின் அடியில் படுத்துக்கொண்டு டார்ச் அடித்தவர் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். தகட்டு விளிம்பில் உரசி உரசி வயரின் தோல் போய்ச் செம்பு பல்லைக் காட்டியது. மேலே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எர்த் வயரைப் பிடித்திருந்த போல்ட்டை லேசாகத் தொட்டார். துருவேறிய போல்ட், வயரோடு கையில் வந்துவிட்டது.

"இது இன்னைக்கோ நாளைக்கோ தானா விழுந்திருக்கும்" என்றார். "அப்புறம் கரண்ட் கீழ எறங்க ஒரே வழிதான். கதவத் தொடுற ஆளு."

அன்று காலை அந்தக் கதவைத் திறந்து ஈர விரிப்புகளை வாரி எடுத்தது நான்.

யாரும் அவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. "அதான் ஒண்ணும் ஆகலியே" என்றார் டிரைவர். வயர்மேன் தரையைப் பார்த்துக்கொண்டு எங்களிடம் சொன்னார்: "நின்னுடுது நின்னுடுதுன்னு நீங்கதான பிடுங்கி எடுத்தீங்க. எனக்காகவா பண்ணேன்?" அந்த வாரக் கடைசியில் அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

அவள் வீடு எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. ஒரே வீட்டை நடுவில் பிரித்து அண்ணனும் தம்பியும் இருந்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் இடையில் இருந்த கதவை ஓரகத்தி, அதாவது வயர்மேன் பெண்டாட்டி, சாத்தி, பீரோவை இழுத்துக் குறுக்கே வைத்துவிட்டாள். அவள் புருஷன் மூன்று மாதம் தம்பி பக்கத்தில்தான் சாப்பிட்டான். தெருக்குழாயில் அவள் குடத்தை வைத்தால் ஓரகத்தி தன் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்தேன்; கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

ஒரு நாள் மாடிப்படியில் அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பொறுக்க முடியாமல் கேட்டேன். "நோட்டுல கொழுந்தன் பேர எழுதாம விட்டிருக்கலாம்ல?"

"பேர் எழுதல. வயர்னு மட்டுந்தான் எழுதினேன். யார் போட்டதுன்னு மேனேஜருக்குத் தெரியாதா?" சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "எதையாவது பண்ணித் தொலைங்க, பிரேக்கர் விழாம இருந்தாப் போதும்னு அவர்கிட்ட நீ சொன்னத நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அதையும் எழுதல."

படியிறங்கிப் போய்விட்டேன். விசிறிக்காக அவளை வெறுத்ததெல்லாம் எப்போதோ ஆறிப்போன விஷயம். அந்த ஒரு பேச்சைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. வேலைக்கு வேண்டியது தவிர அவளிடம் பேசுவதில்லை.

இப்போது புது வயர்மேன் வந்துவிட்டார். அவள் நோட்டில் அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அட்டையைக் கழற்றுகிறாள். திங்கட்கிழமைகளில் பட்டனை அழுத்துகிறாள், கூடம் நிற்கிறது, நாங்கள் அவளைக் கரித்துக் கொட்டுகிறோம். எப்போதாவது பிரேக்கர் தானாகவே விழும்போது மட்டும், யாரும் சொல்லாமலே எல்லாரும் மெஷினிலிருந்து கையை எடுத்துக்கொண்டு நாலடி தள்ளிப்போய், அவள் வருகிறாளா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.