மோவாயை நிமிர்த்திய கை

இரண்டு வருடங்களுக்கு முன், மார்கழியில், சிதம்பரத்தில் தேரோட்டம் நடந்த நாள் அது. கீழ வீதியிலிருந்து ஒரு சந்து தள்ளியிருக்கும் என் நாத்தனார் வீட்டில் நானும் என் மகளும் இருந்தோம். அந்த வாரம் அவளுக்கு அந்த ஊர் ஆஸ்பத்திரியில் செக்கப் இருந்தது. பஸ் கூட்டத்துக்குப் பயந்து முன்கூட்டியே வந்துவிட்டோம். தேர் பார்க்க வந்திருக்கிறோம் என்று தெருவில் எல்லாரும் நினைத்தார்கள். நானோ தேரை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். கூட்டம், புழுதி, கற்பூரப் புகை எதுவும் என் மகளின் கழுத்துக்கு ஆகாது.

எங்கள் வீடு கடலூர் செம்மண்டலத்தில். கணவருக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. ஒரே மகள், அப்போது மூன்றரை வயது. குறைமாதத்தில் பிறந்தவள். பல வாரங்கள் வாய்வழியாகக் குழாய் வைத்து மூச்சு மெஷினில் இருந்ததில், குரல்வளைக்குக் கீழே மூச்சுப்பாதை சுருங்கிவிட்டது. அதனால் கழுத்தின் முன்பக்கம் சின்னதாக ஒரு துளை போட்டு அதில் டியூப் வைத்தார்கள். டிரக்கியாஸ்டமி என்பார்கள். அந்த டியூப் வழியாகத்தான் அவள் மூச்சு விட்டாள். மூச்சு குரல்வளைக்குப் போகாமல் கழுத்தோடு வெளியேறிவிடும் என்பதால் அழுதால்கூடச் சத்தம் வராது. முகம் சிவக்கும், வாய் திறக்கும், கண்ணீர் வரும், அவ்வளவுதான். சத்தமில்லாமல் அழுகிற குழந்தைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சோறு வடிக்கக்கூட முடியாது. நான் வேலையை விட்டேன். அதற்கு முன் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர்.

கைக்குழந்தையாக அவளை வீட்டுக்கு அனுப்பிய அன்று நர்ஸ் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். டியூப்பில் சளி அடைத்தால் மெஷின் போட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். கழுத்து நாடாவை இப்படிக் கட்ட வேண்டும். குளிக்கும்போது தண்ணீர் உள்ளே போகக் கூடாது. கடைசியாக ஒன்று சொன்னார்: "மோவா இறங்கி டியூப்ப மூடிடக் கூடாதும்மா. கழுத்து எப்பவும் நிமிர்ந்தாப்ல இருக்கணும்."

நான் அதை விடவே இல்லை. தூங்கும்போது தோளுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்தேன். அவள் உட்காரப் பழகினாள், நடக்கப் பழகினாள். என் இரண்டு விரல்கள் மட்டும் எப்போதும் அவள் மோவாய்க்குக் கீழேயே இருந்தன.

இரண்டு வயது தாண்டியதும் அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. திடீரென்று தலையைக் குனிந்து மோவாயை டியூப்பின் மேல் அழுத்துவாள். கூடவே 'கீச்' என்று கதவு திறப்பதுபோல ஒரு சத்தம் வரும். சளி அடைத்துவிட்டது என்று நினைப்பேன். மோவாயை நிமிர்த்துவேன், மெஷினைப் போடுவேன், மெல்லிய குழாயை உள்ளே விடுவேன். உறிஞ்சும்போது இருமல் வரும், கண்ணில் நீர் முட்டும், என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளுவாள். "முடிஞ்சிடுச்சு பாப்பா, முடிஞ்சிடுச்சு" என்பேன். பெரும்பாலும் சளி ஒன்றும் வராது. சரி, முன்ஜாக்கிரதையாக இருந்தது நல்லதுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

கொஞ்ச நாளில் அந்தப் பழக்கம் நின்றுவிட்டது. நல்லபடியாகத் திருத்திவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன்.

டாக்டர் ஒவ்வொரு செக்கப்பிலும் தவறாமல் கேட்பார். "வீட்டுல ஏதாச்சும் சத்தம் குடுக்குறாளா? குடுத்தா உடனே சொல்லுங்க, பேசுற வால்வு போட்டுப் பாக்கலாம்." டியூப்பின் வாயில் மாட்டுகிற சின்ன மூடி அது. மூச்சை உள்ளே விடும்; வெளியே விடும் மூச்சை மேலே குரல்வளைக்குத் திருப்பிவிடும். நான் யோசிக்காமல், "இல்ல சார்" என்பேன். அவர் கழுத்தைப் பார்ப்பார். "ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்க" என்பார். அந்த ஒரு வார்த்தையைக் கடலூர் வரைக்கும் பஸ்ஸில் சுமந்துகொண்டு வருவேன்.

நாத்தனார், வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர். அவருக்கும் சளி எடுக்கத் தெரியும். நான்தான் கற்றுக் கொடுத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் டோக்கன் போடவும் மருந்து வாங்கவும் போகும்போது மகளை அவரிடம்தான் விடுவேன். அவள் தையல் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து வெட்டுத் துணிகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருப்பாள்.

தேர் அன்று காலை பையைப் பார்த்தேன். டியூப்பில் விடுகிற சலைன் பாட்டில் ஒன்றுதான் இருந்தது. ஒன்றே போதும். ஆனாலும் இன்னொன்று கையில் இல்லையே என்று மனசு கேட்கவில்லை.

"கையில ஒண்ணு இருக்குதுல்ல? தெரு முழுக்க ஜனம். எப்டிப் போவே?" என்றார் நாத்தனார்.

"எதுக்கும் இருக்கட்டும் அண்ணி."

"நீதான் டாக்டருக்கே டாக்டராச்சே, சொன்னா கேப்பியா? போய்ட்டு வா. உம் பொண்ண நான் ஒண்ணும் தின்னுட மாட்டேன்."

வீதியைக் கடக்க முடியவில்லை. தேர் வடம் குறுக்கே கிடந்தது. மெடிக்கல் ஷாப் எதிர்ப்பக்கம். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். வாசல் பக்கமும் கூட்டம் அடைத்திருந்ததால் கொல்லைப்பக்கமாக வந்தேன்.

சமையலறைக்குள் கால் வைக்கும்போது தையல் மெஷின் சத்தம் நின்றது. ஒரு குழந்தையின் குரல் கேட்டது. கரகரவென்று, சளி கட்டிய குரல்.

"அத்த, இது வேணாம். செவப்பு."

"செவப்பு தீந்து போச்சுடி. எதுத்த வீட்டு அம்மா ஜாக்கெட்ட வெட்டிக் குடுத்துடட்டுமா?"

அந்தக் குழந்தை சிரித்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. சளி பிடித்த யார் வீட்டுப் பிள்ளையையோ என் மகள் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறாரே, தொற்றிக்கொண்டால் என்ன ஆவது? வேகமாக உள்ளே போனேன்.

வேறு குழந்தை யாரும் இல்லை. மெஷினுக்கு அடியில் என் மகள் மட்டும் இருந்தாள். மோவாயை நெஞ்சோடு அழுத்தி, கண்ணை மட்டும் மேலே தூக்கி அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கால் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

"அத்த, அம்மா வருது" என்றாள்.

சொல்லிவிட்டுத் தலையை நிமிர்த்தினாள். வாயை மூடிக்கொண்டாள். நான் பழக்கியிருந்தேனே, அதேபோல, கழுத்து நேராக.

அம்மா என்று அவள் சொல்வதை ஒருநாளாவது கேட்டுவிட மாட்டோமா என்று ஏங்காத நாள் கிடையாது. கேட்டேன். அது என்னைக் கூப்பிட்டதில்லை. நான் வருகிறேன் என்று இன்னொருவருக்குக் கொடுத்த எச்சரிக்கை.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாத்தனார் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"எத்தன நாளா அண்ணி?"

"மழைக்கு முன்னாலேர்ந்து. குனிஞ்சிக்கினு பேசுவா. மூச்சு வேணும்னா அவளே நிமிந்துக்குவா. நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே! உம் பொண்ணு எங்கிட்ட பேசுறாடின்னு சொன்னேன். நீ என்னா சொன்னே? எனக்கும் அவ ஜாடை எல்லாம் புரியும் அண்ணி, குனிய மட்டும் விட்டுடாதீங்கன்னே." மடியில் கிடந்த வெட்டுத் துணியைத் தட்டிவிட்டார். "அதுக்கு மேல எப்டி சொல்றது? ஜாஸ்தி பேசினா, திரும்பி எங்கிட்ட கொண்டாந்து விடமாட்டியேன்னு ஒரு பயம். அவ சத்தம் இந்த வீட்லயாவது இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அவர் சொன்னது உண்மை. குனிந்துதான் பேசுகிறாள் என்று தெரிந்திருந்தால் நான் அவளை அங்கே விட்டிருக்கவே மாட்டேன்.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து கணவர் கடலூரிலிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டதும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் ஓடிவந்து மெஷினுக்கு அடியில் தலையை விட்டார். "பாப்பா, அப்பா சொல்லு." அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. அவர் மறுபடி கேட்டார். மறுபடியும் என்னைத்தான் பார்த்தாள்.

அவர் திரும்பி, ரொம்ப மெதுவாக, "நீ கொஞ்சம் வெளிய போயேன்" என்றார்.

போனேன். சந்து முனையில் தேர் திரும்புவதைப் பார்க்க ஜனம் அலைமோதிக்கொண்டிருந்தது. நான் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அவர் சிரிப்பது கேட்டது. என்ன சொன்னாள் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

செக்கப்பில் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் கொஞ்சம் லேசாகியிருக்கும். அவர் மகளைப் பார்த்துச் சிரித்தார். "நாம வால்வு போடறதுக்கு முன்னாலயே இவ மோவாயையே வால்வாக்கிட்டா" என்றார். டியூப்பை மூடினால் மூச்சு பக்கவாட்டில் கசிந்து மேலே போகும், குரல் வரும் என்று விளக்கினார். எட்டாம் வகுப்புக்குக் குரல்வளைப் பாடம் நடத்தியவள் நான்.

"குனியக் கூடாதுன்னு சொன்னாங்களே சார்?"

"அது தலை நிக்காத கைக்குழந்தைக்கும்மா. முழிச்சிக்கிட்டு விளையாடுற பிள்ளைக்கு இல்ல. இந்தச் சத்தத்தத்தான் நான் ஒவ்வொரு தடவையும் கேட்டேன்."

இந்தச் சத்தத்தைத்தான். அவள் குரல் கொடுத்தபோதெல்லாம் அதை அடைப்பு என்று நினைத்து மெஷின் போட்டவள் நான். அவள் பேச முயன்றாள். பதிலுக்கு நான் அவள் தொண்டைக்குள் குழாய் விட்டேன். பேசினால் வலிக்கும் என்று அந்தக் குழந்தைக்குப் புரிய எத்தனை நாள் ஆகியிருக்கும்? முதல் 'கீச்' கேட்ட அன்றே டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பயப்பட மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது, கேட்கத் தெரியவில்லை.

வால்வு போட்டார்கள். முதலில் இருமினாள், பிடுங்கப் பார்த்தாள். பிறகு பழகிக்கொண்டாள். குனியாமலே குரல் வந்தது. அத்தையோடு பேசினாள், அப்பாவோடு பேசினாள், பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மாட்டோடுகூடப் பேசினாள். என்னிடம் மட்டும் தலையாட்டலும் ஜாடையும்தான். நான் கெஞ்சவில்லை. கெஞ்சுவது சரியா தப்பா என்றே தெரியவில்லை.

ஒரு மத்தியானம் செம்மண்டலம் வீட்டில் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அவள் தொண்டையில் லேசாகக் களக்கென்றது. பழக்க தோஷத்தில் என் கை மெஷினுக்குப் போய்விட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மெசினு வேணாம்மா."

என்னிடம் அவள் பேசிய முதல் வாக்கியம் அது. கையை எடுக்கலாமா கூடாதா என்று தவித்தேன். மார்பில் காது வைத்துக் கேட்டேன். மூச்சு சுத்தமாகத்தான் இருந்தது. மெஷினை விட்டுவிட்டு அடுத்த கவளத்தை எடுத்தேன்.

இப்போது அவள் யு.கே.ஜி. போகிறாள். டியூப் இன்னும் இருக்கிறது. பெரியவளானதும் எடுக்கலாம் என்றிருக்கிறார்கள். 'ரொம்பப் பேசுறா' என்று மிஸ் புகார் சொல்கிறார். அந்தப் புகாரைக் கேட்பதற்காகவே பள்ளி விட்டதும் முதல் ஆளாகப் போய் நிற்கிறேன். சளி வந்தால், "அம்மா, இப்ப எடு" என்று அவளே சொல்கிறாள். எடுத்த பிறகு, "போதும்" என்கிறாள். நான் நிறுத்துகிறேன்.

ஆனால் ஒன்று மட்டும் போகவில்லை. சாப்பிட்ட வாயைத் துடைக்கவோ, பொட்டு வைக்கவோ என் கை அவள் முகத்துக்குப் பக்கத்தில் போனால் போதும், பேசிக்கொண்டிருப்பவள் பாதி வார்த்தையில் நிறுத்திவிட்டு, தானாக மோவாயை நிமிர்த்திக்கொள்கிறாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. எனக்குத் தெரியும். அதனால் இப்போதெல்லாம் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறேன்.