முதலாளியே சாப்பிடாத கடை

"அந்தக் கடை முதலாளியே அங்க சாப்பிடுறதில்லையாம்!"

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் சாப்பாட்டுக் கடையைப் பற்றிப் பதுளை டவுனில் இப்படி ஒரு பேச்சு.

கேட்டவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அது உண்மை!

முதலாளி வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர் மாணிக்கம். கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். ஆட்டுக்கறிக்குப் பேர் போனது. சம்பளம் வாங்கிய வாரம் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பம் குடும்பமாக பஸ் ஏறி வந்து சாப்பிட்டுப் போவார்கள்.

எங்களுக்கு விளம்பரம் என்று எதுவும் கிடையாது. மத்தியானம் இவர் வாசலோரத்து மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார், அதுதான் விளம்பரம். நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சுகிற சத்தம் ரோட்டில் போகிறவரை உள்ளே இழுத்துவிடும். (இப்போதுதான் வீட்டில் சாப்பிட்டு வந்தவரைக்கூட!)

பிறகு இவருக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் இரத்தம், சிறுநீர் எல்லாம் சோதித்துப் பார்த்தார்கள்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "ரொம்ப நாளா பிரஷர் இருந்திருக்கு. சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமா பழுதாகிட்டு வருது. இரத்தத்துல கொழுப்பும் கூட. உப்பக் குறைக்கணும். இறைச்சி, தேங்காய்ப்பால், பொரிச்சது எல்லாத்தையும் விடணும்."

"அப்ப கீரை, வாழைப்பழமுன்னு குடுக்கவாங்க?" என்றேன். கொழுப்புக்கு அதுதான் நல்லது என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"அது கொழுப்புக்கு நல்லதும்மா. இவரு சிறுநீரகத்துக்கு ஆகாது. கீரை, கிழங்கு எல்லாம் அவிச்சு, தண்ணியக் கொட்டிட்டுக் கொஞ்சமாக் குடுங்க."

கொழுப்புக்கு ஆகாதது ஒரு பக்கம், சிறுநீரகத்துக்கு ஆகாதது மறுபக்கம். இரண்டையும் கழித்தால் மிச்சம் சோறும் நானும்தான்!

மாத்திரை போட்டுக் கொழுப்பைக் குறைக்கலாம் என்றெல்லாம் அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வாயைக் கட்டுவதுதான் வைத்தியம்.

அவித்த போஞ்சிக்காய், அவித்த முட்டைக்கோவா, முட்டையில் வெள்ளை மட்டும். உப்பு என்பது பேருக்கு. கேரியரில் போட்டு நானே கடைக்குக் கொண்டுபோவேன். இவர் பின்னால் அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்து உட்கார்ந்து சாப்பிடுவார்.

"எதுக்குங்க ஒளியிறீங்க? ஒடம்புக்கு வருத்தமுன்னு சொல்லிட்டா என்ன?"

"வருத்தக்காரன் கடையில எவன் சாப்பிடுவான்? ஒட்டிக்குமான்னு கேப்பான்!"

கேரியரை மறைக்க முடியுமா? அதுவும் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில்!

வெலிமடையிலிருந்து லீக்ஸ் முதலான காய்கறி ஏற்றி வரும் லொறி டிரைவர் ஒருவர் எங்கள் நிரந்தர வாடிக்கையாளர். அவரே ஒருநாள் கேட்டுவிட்டார்: "என்ன முதலாளி, ஒங்க கறி ஒங்களுக்கே ஒத்து வரலையா?"

அடுத்த வாரத்திலிருந்து அவர் லொறி எதிர்க் கடை வாசலில் நின்றது. கூட்டமும் பின்னாலேயே போனது. எங்கள் மேசைகளில் ஈதான் உட்கார்ந்திருந்தது.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கேரியரோடு போனபோது, இவர் வாசல் மேசையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் மலை மாதிரி சோறு, எண்ணெய் மிதக்கும் ஆட்டுக்கறி. சுற்றிக் கூட்டம்!

கூட்டத்துக்கு முன்னால் நான் என்ன சொல்ல? முறைத்தேன். இவர் என்னைப் பார்க்காமலே எலும்பைத் தட்டினார்.

வியாபாரம் அன்றைக்கே திரும்பியது. அதற்கடுத்த ஞாயிறும் அதே நாடகம். வீட்டில் சண்டை போட்டேன், அழுதேன். "கடை இல்லாம நான் உசுரோட இருந்து என்னத்துக்கு?" என்று கேட்டுவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

சில நாளில் முகம் பூசணிக்காய் ஆனது. படுத்தால் மூச்சு முட்டியது. தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்துக்கொண்டார்கள். மூச்சு கொஞ்சம் சீரானதும் டாக்டர் வந்து கேட்டார்:

"என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்லைங்க ஐயா. பத்தியந்தாங்க."

பக்கத்துக் கட்டிலில் போர்வைக்குள்ளிருந்து ஒரு தலை வெளியே வந்தது.

"பொய்யிங்க டாக்டர்! போன ஞாயித்துக்கெழம எனக்கு எதிர்லதான் உக்காந்து நல்லி எலும்ப உறிஞ்சினாரு! அதப் பாத்துத்தாங்க நானும் ரெண்டாவது பிளேட் வாங்கினேன்!"

வாட்டே சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ இப்படிச் செஞ்சா, என்னால ஒங்களக் காப்பாத்த முடியாது" என்றார்.

அவர் போன பிறகு இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "முடிஞ்சிச்சு புள்ள. இனி டவுனுக்கே தெரிஞ்சிரும். கடைய மூடிறலாம்."

டவுனுக்குத் தெரிந்தது. சாயங்காலத்துக்குள்ளேயே!

மறுநாள் பயந்துகொண்டேதான் கல்லாவில் போய் உட்கார்ந்தேன். முதல் ஆளாக வந்து இறங்கினார் அந்த லொறி டிரைவர்.

"அக்கா, முதலாளிக்குச் சிறுநீரகத்துல வருத்தமாமே? அப்ப கறியில ஒரு கொறையும் இல்லையா?"

"கறியில என்ன கொறை தம்பி? அவருக்குத்தான் ஆகாது."

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே! நான் வேற என்னமோன்னு நெனச்சிட்டேன். ஒரு பிளேட் போடச் சொல்லுங்க!"

அதோடு நின்றதா? "அவ்ளோ ருசியாம்! முதலாளியால வாயக் கட்ட முடியாம ஆஸ்பத்திரியிலயே படுத்துட்டாராம்!" என்று பக்கத்து எல்ல டவுன் வரைக்கும் பேச்சு போனது. டாக்டர் சொன்ன காரணம் பிரஷர். டவுன் சொன்ன காரணம் ருசி. மத்தியானத்தில் உட்கார இடமில்லை!

இவர் வீடு திரும்பியதும் வாசல் மேசையிலேயே, எல்லோருக்கும் முன்னால், அவித்த கோவாவைச் சாப்பிட்டார். பார்த்தவர்கள் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் கறி கேட்டார்கள்.

பழுதான சிறுநீரகம் சரியாகவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டே இன்னும் பல வருஷம் என்னோடு இருந்தார். என் சமையலைத் திட்டிக்கொண்டேதான். திட்டட்டும் என்று விட்டுவிட்டேன், ஆள் இருந்தாரே!

டாக்டருக்கு அப்போதே நன்றி சொன்னோம். பக்கத்துக் கட்டில் அண்ணனுக்குத்தான் சொல்லவில்லை, கோபத்தில் பேர்கூடக் கேட்கவில்லை. அவர் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், என் கணவரைக் காட்டிக்கொடுத்ததற்கு ரொம்ப ரொம்ப நன்றி!

(அந்த ரெண்டாவது பிளேட்டைப் பற்றி அவருடைய டாக்டர் என்ன சொன்னார்?)