நான் எண்ணிய ஜப்பான் கூடாரங்கள்

ஆகாய விமானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து எதிரியைக் கண்டுபிடிக்கிற வேலையில் ஒரு சௌகரியம் உண்டு: எதிரி நம்மைப் பார்ப்பதில்லை, மேலதிகாரிதான் பார்க்கிறார். தப்புச் செய்துவிட்டு மேலதிகாரிக்கு எதிரே எச்சிலை விழுங்கிக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அதனால் உங்களிடம் மனம்விட்டுச் சொல்லலாம்.

யுத்த காலம். ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்துவிட்டான். அந்தக் கரையில் படையைக் குவிக்கிறான் என்று பேச்சு. அங்கே மேலேயிருந்து எடுத்த படங்கள் வாராவாரம் தூத்துக்குடிக்கு வரும். கப்பல் எத்தனை, லாரி எத்தனை, கூடாரம் எத்தனை என்று எண்ணி எழுதவேண்டும். போன வாரத்தைவிடக் கூடியிருந்தால் படை குவிகிறது என்று அர்த்தம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் பஞ்சு மூட்டை அடுக்கிவைத்த ஒரு பழைய கிட்டங்கிதான் ஆபீஸ். வெள்ளைக்காரக் கேப்டன் துரை ஒருவர், நான், எதிர் மேசையில் சூசை. சூசையின் அப்பா முத்துக் குளித்தவர். அவர் கடலுக்கு அடியில் தேடினார். மகன் ஆகாயத்திலிருந்து தேடினான்.

துரை முதல் நாளே சொல்லிவிட்டார்: இரண்டு தப்பு வரை பொறுப்பேன், மூன்றாவது தப்புக்கு வீடு. வீடு என்றால் எனக்குச் சாத்தான்குளத்தில் மாமனாரின் கருப்பட்டிக் கடை. அங்கே இரண்டு வருஷம் உட்கார்ந்துவிட்டுத் தப்பி வந்தவன் நான். ஜப்பான்காரனுக்குக்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை.

மலைமேல் பீரங்கி

படத்தை மேசையில் வைக்கும்போது நிழல் நம் பக்கம் விழும்படி வைக்கவேண்டும். மாற்றி வைத்தால் கண் ஏமாற்றிவிடும். பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் தெரியும். இதைச் சொல்லித்தந்த அன்றைக்கு நான் ஜன்னல் வழியே கப்பல் பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. முதல் வாரமே ஒரு குன்றைக் கண்டுபிடித்தேன். குன்றின்மேல் கறுப்புக் கறுப்பாக ஒன்பது பீரங்கிகள்! உடனே எழுதி துரையிடம் கொடுத்தேன். அவர் வாங்கிப் படித்துவிட்டு மேலிடத்துக்குத் தந்தி அடிக்கப் போனார்.

நல்லவேளை, சூசை வந்து படத்தைத் திருப்பி வைத்தான். குன்று குளமாகிவிட்டது. அதே இடத்தை அடுத்தாற்போல் எடுத்த இன்னொரு படத்தையும் பக்கத்தில் வைத்துக் கொஞ்சநேரம் பார்த்தான். துரையும் வந்து நின்றுகொண்டார். சூசை தலையைத் தூக்காமலே சொன்னான்: "அந்தப் படத்துல கரையில நின்ன பீரங்கி, இந்தப் படத்துல தண்ணிக்குள்ள கெடக்கு. ஏலே, பீரங்கி எப்பம்ல குளிக்க ஆரம்பிச்சுது?"

ஆகாயத்தில் ஒரு பலூன்

ஒரே இடத்தின் இரண்டு படங்களைப் பக்கம் பக்கமாக வைத்து இரட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், மரமும் வீடும் நிஜமாகவே எழுந்து நிற்கும். ஒருநாள் மத்தியானம் அப்படிப் பார்க்கையில் கடலுக்கு மேலே வெள்ளையாக ஒன்று மிதந்தது. கப்பலைவிடப் பெரியது, மேகமும் இல்லை. விமானங்களைத் தடுக்க எதிரி பறக்கவிட்ட ராட்சத பலூன் என்று முடிவு கட்டினேன். எருமைகளைப் பீரங்கி என்று எழுதிய தப்பைத் துடைத்துவிடலாம் என்கிற ஆசை வேறு. துரையைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தேன்.

அவர் குனிந்து கண்ணாடியில் பார்த்தார். அப்புறம் கண்ணாடியை ஓரமாக நகர்த்தினார். படத்தின்மேல் விரலை ஒற்றி எடுத்தார். விரலை வாயில் வைத்தார். நான் சாப்பாட்டுக்கு அப்புறம் மக்ரூன் என்கிற வெள்ளை மிட்டாயைத் துகள் சிந்தத் தின்றுகொண்டே வேலை பார்த்தது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. துரை நிதானமாக மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்: "எதிரியின் பலூனில் முந்திரிப்பருப்பு இருக்கிறது. இது இரண்டாவது."

பல்வலி

ஆபீசில் பார்ப்பதை வெளியே மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார்கள். நானும் விடவில்லை. ஆனால் ஊர் என் வாயைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தது. நான் சிரித்துக்கொண்டு போனால் ஜப்பான்காரன் தூரத்தில் இருக்கிறான். உம்மென்று போனால் கிட்டத்தில் வந்துவிட்டான். இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது.

ஒருநாள் கடைவாய்ப் பல் உயிரை வாங்கியது. காப்பிக் கடை அண்ணாச்சி கூப்பிட்டதற்குப் பதில்கூடச் சொல்லாமல், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு நடந்து போய்விட்டேன். சாயந்தரத்துக்குள் எங்கள் தெருவிலிருந்து மூன்று மாட்டுவண்டி பாத்திரம் பண்டத்தோடு, கடலைவிட்டு உள்ளே இருக்கிற ஏரலுக்குக் கிளம்பிவிட்டது. மறுநாள் வீங்கிய கன்னத்தோடு வந்த என்னை அண்ணாச்சி நடுரோட்டில் மறித்தார்: "பல்வலின்னா பல்வலின்னு எழுதிக் கழுத்துல மாட்டிட்டு வாரும் வே! எங்க வீட்டு ஆட்டுக்கல்லு ஏரல்ல கெடக்கு, இங்கன கடையில இட்லிக்கு மாவில்ல!"

முகாம்

அதற்கப்புறம் ஒரு மாதம் நான் தங்கக்கம்பி. பர்மாக் கரையில் ஓரிடத்தில் கூடாரங்களைக் கண்டுபிடித்தேன். முதல் வாரம் இரண்டு வரிசை, அடுத்த வாரம் மூன்று, அப்புறம் ஐந்து. பக்கத்தில் சதுரம் சதுரமாகக் கவாத்து மைதானங்கள். துரை என் முதுகில் தட்டினார். வியாழக்கிழமை விமானங்கள் போய்க் குண்டு போடும் என்று உத்தரவும் ஆகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் உப்பளத்து வழியே சைக்கிளில் வந்தேன். மழைக்கு முன்னால் உப்பைக் குவித்து, குவியலுக்கு ஓலை வேய்ந்துகொண்டிருந்தார்கள். வரிசை வரிசையாக. பக்கத்தில் சதுரம் சதுரமாகப் பாத்திகள். ஓடிப்போய்ப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அத்தனை பெரிய முகாமில் லாரித் தடம் இல்லை, அடுப்படி இல்லை, ஒரு கக்கூஸ்கூட இல்லை. நான் எண்ணியது கூடாரம் இல்லை, உப்பு. என் பென்சிலால் யார் யாரோ சாகப் போகிறார்கள். சொன்னால் மூன்றாவது தப்பு, சாத்தான்குளம். சூசையிடம் சொன்னேன். அவன் கேட்டான்: "சும்மா இருந்தா வேலை இருக்கும். சோறு எறங்குமால?"

இறங்காது. ஆனால் இரண்டு தப்புச் செய்தவன் பேச்சைத் துரை நம்பவேண்டுமே! பழகுவதற்காக எங்கள் ஊரையே மேலேயிருந்து எடுத்த படங்கள் அலமாரியில் இருந்தன. ஒன்றை எடுத்து, ஊர்ப்பெயர்மேல் காகிதம் ஒட்டி, துரையிடம் கொடுத்தேன். அவர் எண்ணினார். "இது முந்தியதைவிடப் பெரிய முகாம். ஓரத்தில் ஒரு காவல் கோபுரம். இதைத்தான் முதலில் அடிக்கவேண்டும். எங்கே இருக்கிறது?" நான் காகிதத்தைப் பிய்த்தேன். "உங்கள் பங்களாவுக்குப் பின்னால் இருக்கிற உப்பளம் சார். அந்தக் கோபுரம் உங்கள் கோழிக்கூடு." துரை படத்தைக் கவிழ்த்து வைத்தார். அப்புறம் டெலிபோனை எடுத்துக்கொண்டே சொன்னார்: "என் கோழிகளிடம் இதைச் சொல்லிவிடாதே."

கடை

வியாழக்கிழமை குண்டு விழவில்லை. தாழப் பறந்து படம் எடுக்க ஒரு விமானம் மட்டும் போனது. புதுப் படம் வந்தது. குவியலுக்குப் பக்கத்தில் தலையில் கூடையோடு நாலைந்து பெண்கள். ஒருத்தி மட்டும் நெற்றிக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்க்கிறாள். நேரே என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சூசை படத்தைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

துரை மூன்றாவது தப்பை எழுதவில்லை. அந்தக் கரையில் படையே இல்லை என்று நேர்மையாக மேலிடத்துக்கு எழுதினார். படையே இல்லாத கரையைப் பார்க்க ஒரு ஆபீஸ் எதற்கு என்று மேலிடம் பதில் போட்டது. பத்து நாளில் கிட்டங்கியில் மறுபடியும் பஞ்சு ஏறிவிட்டது. நான் பெட்டியோடு சாத்தான்குளத்தில் போய் இறங்கி, நடந்ததை எல்லாம் மாமனாரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கருப்பட்டிச் சிப்பத்தை என் பக்கம் தள்ளினார்: "கடலுக்கு அங்கன ஜப்பான்காரன் இல்லன்னு கண்டுபிடிச்சீகல்ல மாப்ள, இதுக்குள்ள எறும்பு எங்கன இருந்து வருதுன்னு கண்டுபிடிங்க."

தப்புத் தப்பாகப் பார்த்த நாளெல்லாம் இருந்த வேலை, ஒரே ஒரு தடவை சரியாகப் பார்த்ததும் போய்விட்டது. ஆனாலும் ஒருத்தி அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடி உப்பு அள்ளப் போவதற்கு விலை என் மாமனார் கடைதான் என்றால், போகட்டும், கொடுத்துத் தொலைக்கலாம்.